முறுக்கு அச்சு வாய்த் துப்பாக்கி

கோழிக் குழம்பின் வாசனை கையை விட்டுப் போயிருக்கவில்லை. அந்தக் கையோடுதான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மலைப் பக்கமாக உள்ளே போனால் எஸ்தர் அத்தை வீடு. என் அம்மாவின் அண்ணன் பிலிப்பு மாமாவின் மனைவி. மாமா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. டிவிக்கு மேலே அவர் போட்டோ. போட்டோவுக்கு மேலே, இரண்டு ஆணிகளில், அவருடைய துப்பாக்கி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடித்து, சாப்பிட்டு, அத்தை வெற்றிலையை மடிக்கும் நேரத்தில் நான் ஸ்டூல் போட்டு ஏறித் துப்பாக்கியை இறக்கித் தூசி தட்டினேன். கேட்டால் உதவி. உண்மையில் எனக்குக் கை சும்மா இருக்காது. போன வாரம் இந்தப் பத்தியைப் படித்தவர்களுக்குத் தெரியும், அம்மாவின் மிக்ஸியை நான் என்ன பாடு படுத்தினேன் என்று.

மருந்தையும் குண்டையும் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய ரகம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. குழல் மேல் துரு. மரத்தில் யாரோ சுண்ணாம்பு துடைத்த தடம். (அத்தைதான். வெற்றிலை.)

விளையாட்டாகக் குழலின் வாயில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். விரல் நுனியில் வட்டமாக ஒரு பதிவு. அந்த வட்டத்துக்கு ஏழு பல் இருந்தது.

முள்முறுக்கு அச்சைக் கையில் அழுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. தேய்ந்துபோன அச்சு. ஆனாலும் பல் பல்தான்.

செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். துருவுக்கு நடுவே ஏழு வரிகள். நேராக ஓடவில்லை. மெதுவாக, சோம்பேறித்தனமாக, ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருட்டுக்குள் போயின.

"அத்தை, இது நாட்டுத் துப்பாக்கி இல்லீங்க. இது ரைஃபிள்" என்றேன்.

"எதுவோ ஒண்ணு. இந்த வருசம் போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைச்சுப்போடலாம்னு இருக்கேன் கண்ணு. அதுக்கு லைசென்சு புதுப்பிச்சு, தொடச்சு, யாருக்கு ஆவுது?"

என் தலைக்குள் ஒரு சட்டி மூடி ஆடிக்கொண்டிருந்தது.

மூடிக் கதை

மூடிக் கதை எங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பிலிப்பு மாமாவின் அப்பா வரைக்கும் பண்ணையத்தில் கூலி வேலை. மாமாதான் முதலில் மலையேறினார். தேயிலை எஸ்டேட் ஒன்றில் காவல் வேலை. எஸ்டேட் கைமாறியபோது பழைய முதலாளி, தன் சுவரில் தொங்கிய துப்பாக்கியை முறைப்படி மாமா பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். மாமாவுக்குப் பிறகு உரிமம் அத்தை பேரில்.

எஸ்டேட்டில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரத்தில் சோற்றுச் சட்டி மூடியைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கமிருந்து மாமா சுட்டாராம். மூடி "டங்"கென்று சத்தம் போட்டதாம். இறங்கி ஏறிப் போய்ப் பார்த்தால் நட்ட நடுவில் ஓட்டையாம்.

மாமா இதைச் சொல்லாத கல்யாணம் கிடையாது, வளைகாப்பு கிடையாது. யாரும் நம்பியதும் கிடையாது. நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது சத்தம் போடும். குண்டு எங்கே போகும் என்பது குண்டுக்கே தெரியாது. நம்பாதவர்களில் முதல் ஆள், அவருடைய சொந்தத் தங்கச்சி. போத்தனூரில் இருக்கும் என் அம்மா.

அம்மா வாயிலிருந்துதான் அது எங்கள் வீட்டு வழக்காகவே ஆனது. டியூஷனுக்குப் போனேன் என்று நான் புளுகினால், "பாரு, மூடி ஆடுது" என்பாள். காய்காரர் விலையைக் கூட்டிச் சொன்னால், "ஏனுங்க, மூடிய எறக்குங்க" என்பாள். அந்த மனுசருக்கு என்ன புரிந்திருக்குமோ.

மாமா சிரித்துக்கொள்வார். அத்தையும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். வழவழ குழலில் குண்டு உள்ளே தட்டுத் தடுமாறி, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அந்தப் பக்கம் போகும். வரி வெட்டிய குழலில் குண்டு சுழன்றுகொண்டு வெளியே வரும். சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்கிறதே, அந்தக் கணக்கு. சுழலும் குண்டு போன வழியே போகும்.

அப்படியென்றால் மாமா அந்த மூடியை அடித்திருக்கலாம்.

இதைச் சொன்னதும் அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நெசமா?"

"குழல் தேஞ்சு கெடக்குதுங்க. சரி பண்ணிச் சுட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்தார். "சரி. ஒப்படைக்கறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துப்போடலாம். ஆனா அடிக்கறன்னைக்கு உங்கம்மா வந்து பாக்கோணும். போன்ல சொன்னா ஆவாது. நேர்ல நின்னு பாக்கோணும்."

உள்ளே நாலு விரல்

துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் தட்டிக் கொட்டிவிட முடியாது. அதற்கு உரிமம் பெற்ற பழுதுக் கடை வேண்டும். என் அதிர்ஷ்டம், சர்ச் பாடல் குழுவில் எனக்குப் பின் வரிசையில் கட்டைக் குரலில் பாடுகிற ஜெரால்டுக்குக் கோவையில் அப்படி ஒரு கடை இருக்கிறது. என் வயதுதான். அப்பாவிடமிருந்து வந்த கடை. இப்போது பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகளின் ஏர் ரைஃபிள்களுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

அத்தை தன் உரிமத்தோடு கால் டாக்சியில் வந்து இறங்கினார். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார், பச்சைக் குழந்தை மாதிரி.

ஜெரால்டு முதல் வேலையாக ஒரு நீளக் குச்சியைக் குழலுக்குள் அடி முட்ட விட்டான். வாய் விளிம்பில் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு, குச்சியை வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தான். அடிவரை எட்டவில்லை. நாலு விரல் அளவு குறைந்தது.

அவன் முகம் மாறியது. குழலின் வாயைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"இது எங்க இருந்துச்சு?"

"டிவிக்கு மேல."

"எத்தனை வருசமா?"

"மாமா இருந்தப்ப இருந்தே."

"உள்ள மருந்தும் குண்டும் அப்படியே இருக்குது" என்றான்.

எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை சீரியல், அத்தனைக்கும் மேலே அது ஏற்றிய நிலையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன் வாயில் விரலை விட்டு, கண்ணையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஜெரால்டு என்னிடம் பேசியதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. சர்ச்சில் பாடுகிறவன் பேசுகிற பேச்சா அது!

எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மருந்து நமுத்துப் போகிறவரை குழலை நனைத்து ஊறவைத்தான். பிறகு எங்களைக் கூப்பிட்டு, திருகு முனை வைத்த கம்பியை உள்ளே விட்டுக் குண்டைக் கடித்து இழுத்தான். வெளியே வந்தது ஒரு ஈயக் குண்டு. அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஒரு துணி.

வரிக் குழலில் குண்டை வெறுமனே போட முடியாதாம். துணியில் பொதிந்து இடிக்க வேண்டும். துணிதான் வரியைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றும். "இது ரைஃபிள்னு தெரிஞ்ச ஆளு போட்ட குண்டு இது" என்றான் ஜெரால்டு.

அத்தை துணியை வாங்கி விரித்தார். எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே ஊதாப் பூ ஒன்றின் பாதி தெரிந்தது. நூலால் பின்னிய பூ.

"இது எங்க கல்யாணத் தலகாணி உறை" என்றார் அத்தை.

ஜோடியாக இரண்டு உறைகள். அத்தையே பின்னியது. ஒன்று எப்போதோ காணாமல் போனது. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அத்தைக்கு ஒரு சந்தேகம். யார் என்றும் ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் அதன் பிறகு ஒரு ஆளுக்குத் துணிமணி, பாத்திரம், புத்தகம், எதுவுமே இரவல் கொடுத்ததில்லை.

"யாருங்கத்தை?"

"உங்கம்மாதான். வேற ஆரு?"

வழவழ ஊர்

இங்கே ஒரு சின்னச் சுற்று போய்வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது.

நான் வேலை பார்ப்பது பம்ப்செட் கம்பெனியில், தரச் சோதனைப் பிரிவில். காலையிலிருந்து சாயங்காலம் வரை துளைகளுக்குள் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஊரில் வீதிக்கு ஒரு லேத். துளை என்று ஒன்று இருந்தால் அது வழவழவென்று இருக்க வேண்டும். கீறல் இருந்தால் தண்ணீர் கசியும், எண்ணெய் குடிக்கும், பொருள் திரும்பி வரும். கோயமுத்தூர்க்காரன் கையில் ஒரு குழாயைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி உள்ளே பார்ப்பான். பிறகு விரலை விட்டுத் தடவுவான். பிறகு முகத்தைச் சுளிப்பான்.

ஜெரால்டு கடைக்குப் பக்கத்துக் கடை சிவகுமார் அண்ணனுடையது. ஹோனிங் வேலை. அதாவது சாணைக் கல் பதித்த தண்டைத் துளைக்குள் சுழலவிட்டு உட்சுவரை மெருகேற்றுவது. அவர் முடித்துக் கொடுத்த சிலிண்டரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். நானே வைத்திருக்கிறேன்.

குழலின் பின்பக்கத்தை அடைத்திருந்த திருகைக் கழற்ற ஒரு வாரம் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். அது கழன்று இரு பக்கமும் திறந்துகொண்டதும் ஜெரால்டு, துருவை மட்டும் எடுக்க வேண்டும் என்று சிவகுமார் அண்ணனைக் கடைக்குள்ளேயே வரவழைத்தான். குழல் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால் அவர் தன் சாமான்களோடு வந்து பின்கட்டில் உட்கார்ந்தார். ஜெரால்டு முன்பக்கம் ஒரு வாடிக்கையாளரோடு பேச்சில் இருந்தான்.

நான் மத்தியானம் ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தபோது சிவகுமார் அண்ணன் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வாங்க அம்மணி. உள்ள கீறல் நெம்ப ஆழமுங்க. அதும் பாருங்க, சுத்திச் சுத்திக் கீறியிருக்குது. எந்தப் புண்ணியவான் கம்பிய உட்டுக் கொடஞ்சானோ. முன்பக்கம் பாதி எடுத்துப்போட்டேன். சாயங்காலத்துக்குள்ள மீதியும் போயிருமுங்க."

நான் குழலை வாங்கி வாயில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன்.

வட்டம். வெறும் வட்டம்.

உள்ளே பார்த்தேன். பாதி தூரம் வரை கண்ணாடி. என் கண்ணே எனக்குத் தெரிந்தது. வருடக்கணக்காக இடிகம்பி உரசி ஏற்கெனவே தேய்ந்திருந்த முன்பாதி வரிகள், இப்போது சுத்தமாக இல்லை. அதற்கு அப்பால், ஆழத்தில், மீதி வரிகள் ஒன்றும் தெரியாதவை போல் சுற்றிக்கொண்டு போயின.

ஜெரால்டு வந்து பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். நான்தான் சிவகுமார் அண்ணனுக்கு விளக்கினேன், பம்பரம், மூடி, மாமா, தலையணை உறை எல்லாம். கேட்கக் கேட்க அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே வந்தார். மடிக்க இடமில்லாத அளவு மடித்துவிட்டார்.

"கீறல்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றார்.

அவரை என்ன சொல்ல? துருவை எடு என்று சொன்னோமே தவிர, வரியை விடு என்று யாருமே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் இந்த ஊரில் யார் கையிலும் அதுதான் நடந்திருக்கும். ஆபீசில் என் மேசைக்கே வந்திருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தானாகத் திரும்பிய கை

மறுநாளே ஜெரால்டு கைவிரித்துவிட்டான். இப்படியே சுவரில் மாட்டிவிடலாம் என்றான். சுட முடியாதா என்றேன். சுடலாம், குண்டு எங்கே போகும் என்பது குண்டுக்கே தெரியாது என்றான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அம்மா ஜெயித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

இருந்தாலும் மீதி வரி எவ்வளவு ஆழம் என்று அளந்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அது என் தொழில் புத்தி. அளக்காமல் எதையும் புதைக்க மாட்டேன். ஜெரால்டு ஒரு கம்பியின் நுனியைப் பின்பக்கமாக உள்ளே வைத்து, அதைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றினான். ஆறியதும் கம்பி முனையில் ஈயக் கட்டி, ஏழு வரிகளின் அச்சோடு, குழலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குழல் வாய்க்கு வெளியே நீட்டிய மறுமுனையில் ஒரு குறுக்குப் பிடி.

"இழு" என்றான்.

இழுத்தேன். நேராகத்தான் இழுத்தேன். ஆனால் பிடி என் உள்ளங்கைக்குள் மெதுவாகத் திரும்பியது. நான் திருப்பவில்லை. இறுக்கிப் பிடித்தால் கட்டி நகர மறுத்தது. கையைத் தளர்த்தினால், தானாகச் சுற்றிக்கொண்டு ஊர்ந்தது. கிணற்றுக் கயிறு முறுக்கு அவிழும்போது கையில் ஊறுமே, அந்த மாதிரி.

மறுபடி தள்ளினேன். எதிர்ப்பக்கம் திரும்பியது. மறுபடி இழுத்தேன். நாலைந்து முறை இதையே செய்துகொண்டிருந்தேன். ஜெரால்டு, பொம்மை கிடைத்த பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"ஜெரால்டு, இந்தக் கம்பியை இன்னும் நீட்டு."

"எதுக்கு?"

"ஈயக் கட்டி இந்தப் பாதியில ஓடட்டும். கம்பியோட நடுவுல, கட்டிக்கு முன்னால, ஒரு சின்ன வெட்டுப் பல் வெச்சா, அது அந்தப் பாதியில ஓடும். இது திரும்பினா அதும் திரும்பித்தானே ஆகணும்?"

ஜெரால்டு ஸ்டூலிலிருந்து எழுந்தான். கம்பியைப் பிடித்து அவனும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். தேய்ந்த வரிகளை இந்த மாதிரி ஈயத்தை வைத்தே ஆழப்படுத்துவார்கள் என்று அவன் அப்பா சொன்னதுண்டாம். பாதி குழலில் வரியே இல்லாமல் யாரும் செய்து அவன் கேட்டதில்லை. ஆகாது என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னான். முடிந்த பிறகு குழல் சுடத் தாங்குமா என்று தான்தான் சோதிப்பேன், தாங்காது என்றால் பேச்சே கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிவகுமார் அண்ணன் எட்டிப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"வரி வெட்டுனதுக்கப்புறம் ரெண்டு பாதியும் ஒரே அளவுக்கு வரோணுமில்லீங்க? அத நான் பாத்துக்கறேன். வரியத் தொடமாட்டேன். ஏசப்பா மேல சத்தியமுங்க."

அவர் மருதமலைக்கு மாதாமாதம் நடந்து போகிற ஆள். எங்களுக்காக எங்கள் சாமி மேல் சத்தியம் செய்தார்.

இன்னொரு உறை

அத்தையிடம் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரில் போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பாதி வரி போன கதையைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"மீதி பாதி இருக்குதல்ல?"

"இருக்குதுங்க. அத வெச்சுத்தான் போனத வெட்டோணும். ஏழு வரி, ஒவ்வொண்ணுக்கும் நெறைய தடவ இழுக்கோணும். ஒரு இழுப்புல பல் வழுக்குனாலும் மொத்தக் குழலும் போயிரும்."

"போனாப் போகுது. ஒப்படைக்கப் போற துப்பாக்கிதான?" என்றார். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தார். "இல்ல கண்ணு. போயிரக் கூடாது."

மாமா ஒரு தடவை மட்டும், எல்லாரும் போன பிறகு, அத்தையிடம் தனியாகக் கேட்டாராம், நீயாவது நம்புகிறாயா என்று. அத்தை விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்ட வேண்டும், காலை எடுங்க என்றாராம். அவ்வளவுதான் பதில். மாமா காலை எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஊடு அப்படியொண்ணும் குப்பையா இல்ல" என்றார் அத்தை.

பிறகு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். கற்பூர உருண்டை வாசனையோடு வந்தது ஒரு தலையணை உறை. வெள்ளைத் துணி மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் ஊதாப் பூ, முழுசாக. ஜோடியில் மிச்சமிருந்த ஒன்று.

"குண்டுக்குத் துணி வேணும்னு அந்தப் பையன் சொன்னானல்ல?"

வேண்டாம் அத்தை, பழைய வேட்டித் துணி போதும் என்றேன். அத்தை என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அவரைக்காய்க் கத்தியாலேயே ஓரத் தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சனிக்கிழமை வெட்டப் போகிறோம், குழல் தேறினால் சுடும் தளத்தில் அனுமதி வாங்கி ஒரு மூடியைத் தொங்கவிடுவோம், நீ வர வேண்டும் என்றேன். மூடி ஆடுகிறது என்று அம்மா சொல்லவில்லை. தலையணை உறை விசயம் அவளுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"அண்ணி பக்கத்துல இருக்கறாங்களா?" என்றாள்.

"இருக்கேன், சொல்லு" என்றார் அத்தை, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூடி நான் கொண்டாறேனுங்க. நம்ப ஊட்டுல பெரிய சட்டி மூடி ஒண்ணு இருக்குது."

"பெருசு வேண்டாம்" என்றார் அத்தை. "உங்கண்ணன் அடிச்சது சின்ன மூடி."

சனிக்கிழமை காலை கம்பியின் பின்முனையை ஜெரால்டு தள்ளுவான். குழல் அசையாமல் சிவகுமார் அண்ணன் பிடித்துக்கொள்வார். குழல் வாய்ப் பக்கம் நீட்டிய முனையில் குறுக்குப் பிடியோடு நான். முதல் வரிக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். இறுக்கிப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.